பழையபடி சாப்பிடுகிறானா?

எங்கள் முயல் மிக்சர் நோயிலிருந்து பிழைத்து எழுந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பழையபடி சாப்பிடுறானா?" முதல் சில வாரங்கள் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யும் இல்லை. காலையில் போடும் புல் பத்து மணிக்குள் காலியாகிறது. தட்டில் புழுக்கை உருண்டை உருண்டையாக, காய்ந்து, நல்ல அளவில் கிடக்கிறது. முயல் வளர்க்கிற வீட்டில் காலை எழுந்ததும் இதைவிட நல்ல காட்சி கிடையாது. ஆனாலும் அந்தப் 'பழையபடி' என்ற சொல் வந்தால் எனக்குக் கொஞ்சம் தடுமாறும். பசி வந்துவிட்டது, சரி. வந்தது அந்தப் பழைய பசி இல்லை. இதை யாரிடமாவது விளக்கப் போனால், "முயலுக்கு என்னம்மா, போட்டதத் திங்கட்டும்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று காரக்கடை மிக்சர் போலக் கலந்த உடம்பு, அதனால் மகள் வைத்த பெயர். வயது மூன்று. நோய்க்கு முந்தைய மிக்சருக்குப் பூவன்பழம்தான் எல்லாம். நாங்கள் இருப்பது திருச்சியில். காவிரிக்கரை முழுக்க வாழை, போதாததற்கு வாழைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்றும் இந்த ஊரில்தான் இருக்கிறது. வீட்டில் சீப்பு தொங்காத வாரம் குறைவு. சமையலறையில் பழத்தோலை உரிக்கும் சத்தம், அது சத்தமே இல்லை, கூடத்தின் கடைசி மூலையில் படுத்திருப்பவனுக்கு எப்படியோ கேட்டுவிடும். டைல்ஸில் வழுக்கிக்கொண்டே ஓடி வந்து, பின்னங்கால்களில் எழும்பி நின்று, என் நைட்டியைப் பல்லால் இழுப்பான். சர்க்கரை அதிகம், விரல்நகம் அளவு துண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று படித்திருந்தேன். கொடுத்தது அரைப் பழம். பெல்லட், அதாவது முயலுக்கென்று கடையில் விற்கும் தீவனம், அந்தக் கிண்ணம் எந்நேரமும் நிரம்பியிருக்கும். மகள் தன் பிஸ்கட்டில் பங்கு தருவாள். புல்லா? அது படுக்கைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முயலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே கோபம் வரும். வரட்டும்.

சித்திரை வெயில். மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் போன ஒரு நாளுக்கு மறுநாள் காலை தட்டு துடைத்த மாதிரி இருந்தது. ஒரு புழுக்கைகூட இல்லை. தையல் மெஷினுக்கு அடியில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காது சில்லென்றிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தான். தலையைத் தடவினால் சுகத்தில் மெல்ல அரைப்பானே, அந்தச் சத்தம் வேறு, இது வேறு. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கி நகர்ந்துதான் ஆக வேண்டும். குடல் நின்றால் காற்று சேரும், வலிக்கும். வலித்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் இன்னும் நிற்கும். அரை நாள் பட்டினியே ஆபத்து. எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர், "நான் மாடு, ஆடு, நாய் பாக்கறவன்மா. முயல் அவ்வளவா பாத்ததில்ல" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, முயல் பார்க்கிற வகுப்புத் தோழர் ஒருவருக்கு என் எதிரிலேயே போன் போட்டார். தோலுக்கடியில் திரவம், வலிக்கு ஊசி, குடலை நகர்த்த மருந்து. "வாய்வழியா அமாக்சிசிலின் மட்டும் குடுத்துராதீங்க" என்று ஸ்பீக்கரில் அந்தக் குரல் இரண்டு முறை சொன்னது. குழந்தைகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற மருந்துதான். முயலின் குடலில் அதற்குச் சோறு போடுகிற நல்ல கிருமிகளை அழித்து ஆளையே கொன்றுவிடும். மகளுக்கு வாங்கியது பாதி பாட்டில் எங்கள் ஃபிரிட்ஜில் இருந்தது. அன்று விடிகாலை நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருந்தேன். இன்னும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஐந்து நாள் அப்படி ஓடியது. பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றி, வேளைக்கு 15 மி.லி., நாளைக்கு ஆறு வேளை. பச்சைத் துண்டில் பிள்ளையைச் சுற்றுவதுபோல் சுற்றி, மடியில் இருத்தி, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பாதி உள்ளே போகும், பாதி என் மேல். மாத்திரைதான் பெரும்பாடு. கால் துண்டைப் பொடித்துத் தண்ணீரில் கொடுத்தால் துப்பினான். மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. பூவன்பழத்தை மசித்து, பொடியை அதில் குழைத்து, நாக்கில் தடவினேன். போய்விட்டது. அடுத்த வேளையும் போனது. அதற்கடுத்த வேளையிலிருந்து தலையைத் திருப்பினான். நான் பிடித்து வைத்துத் தடவினேன். என்னவோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக அன்று இரவு வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

ஆறாம் நாள் சாயங்காலம் அம்மா கூடத்தில் பேப்பரை விரித்துக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். மெஷினுக்கு அடியிலிருந்து மிக்சர் மெல்ல வந்தான். பேப்பரின் ஓரத்தில் நின்று மூக்கை ஆட்டினான். ஒரு காம்பை இழுத்தான். இலையில் தொடங்கிக் காம்பின் நுனிவரை அது உள்ளே போய் முடிகிறவரை யாரும் பேசவில்லை. மகள் அழுதுவிட்டாள். அம்மா ஆய்வதை நிறுத்தவே இல்லை. இளசாகப் பார்த்து ஒவ்வொரு காம்பாக அவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். அதற்கு முன் கொத்தமல்லியை அவன் மோந்துகூடப் பார்த்தவன் இல்லை. அன்றைக்கு ரசத்துக்குக் கறிவேப்பிலை மட்டும்தான்.

கவிழ்ந்த கிண்ணம்

தேறியவனுக்கு விருந்து வைக்கிற மாதிரி முதல் வேலையாகப் பூவன்பழத்தை நீட்டினேன். மோந்தான். பின்னங்காலால் தரையில் டொப்பென்று ஓர் அறை. ஆபத்து வந்தால் மற்ற முயல்களுக்குச் சொல்கிற தட்டல் அது. திரும்பிப் போய்விட்டான். உடம்பு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை போல என்று விட்டேன். மறுநாளும் தட்டல். ஒரு வாரம் கழித்தும் தட்டல். பெல்லட் கிண்ணத்தை வைத்தால் விளிம்பைப் பல்லால் கவ்விக் கவிழ்த்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துகொள்வான். வேறு கம்பெனி பெல்லட் வாங்கிப் போட்டேன், அதையும் கவிழ்த்தான். கேரட்டை ஏதோ கடமைக்குத் தின்றான். பிஸ்கட்டுக்கு வந்தான், அதை நான்தான் நிறுத்திவிட்டேன். கொத்தமல்லி என்றால் உயிர். புல் என்றால் அதற்கும் மேல். "அம்மாச்சி, மிக்சர் பெட்ஷீட்டச் சாப்பிடுறான்" என்று மகள் ஓடிப் போய்ச் சொன்ன நாளில்தான் புல்லுக்கு அவன் மாறிவிட்டதே எங்களுக்குத் தெரிந்தது.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. 1.9 கிலோ இருந்தவன் நோயில் 1.7க்கு இறங்கியிருந்தான். காய்கறிக் கூடையில் உட்கார வைத்து, சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து, காலண்டரில் எழுதி வைத்தேன். நோயில் இளைத்தவனுக்குச் சத்தானதைக் கொடுக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போனது. சத்து பெல்லட்டில் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டு இவன் வைக்கோல் தின்கிறானே என்பதுதான் என் புலம்பல். படிக்கப் படிக்க, பல் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூட வளரும். நாரை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல்லில் முள் மாதிரி கூர் ஏறி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். சாப்பிட ஆசையாக வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும், தாடை எப்போதும் நனைந்திருக்கும். பெல்லட்டும் பழமுமாக வளர்ந்தவனுக்கு இது வர எல்லா நியாயமும் உண்டு.

இந்த முறை அந்த ஸ்பீக்கர் குரலையே தேடி பஸ் ஏறினோம். காது பார்க்கிற கருவியை வாய்க்குள் விட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். பல் நன்றாகவே இருந்தது. "எத விடறான், எதத் திங்கறான், வரிசையாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார். "பல் வலிக்கிறவன் வாழைப்பழத்த விட்டுட்டுப் புல்லக் கடிப்பானாம்மா?"

வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் தராசும் கையுமாக அலைந்தவளுக்கு இது தோன்றவில்லையே. ஆனால் அவரும், பல் இல்லை என்றாரே தவிர, பின்னே என்ன என்று சொல்லவில்லை. வெளியே நான்கு நாய்கள் காத்துக்கொண்டிருந்தன.

தேன்

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். வாழைப்பழத்துக்காக டைல்ஸில் விழுந்து புரண்டு வந்தவன், இப்போது அதைக் கண்டால் காலைத் தட்டுகிறான், என்ன ஜென்மமோ என்று. அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"மருந்த எதுல வச்சுக் குடுத்த?"

"வாழைப்பழத்துல."

"சிரிஞ்சுல என்ன குடுத்த?"

"பெல்லட்டக் கரைச்சு."

"அப்புறம் எப்படிடி திம்பான்? நீ தேன் திங்கிறியா?"

எனக்குத் தேன் பிடிக்காது. வாசனை வந்தாலே குமட்டும். உடம்புக்குச் சூடு, ஒத்துக்கொள்ளாது என்று கல்யாணமான புதிதில் மாமியாரிடம் சொல்லித் தப்பித்தேன். பிறகு அந்தக் காரணத்தை நானே நம்பிவிட்டேன். அம்மா சொன்ன கதை வேறு. நாலு வயதில் எனக்குப் பிரைமரி காம்ப்ளெக்ஸ், குழந்தைகளுக்கு வருகிற காசநோய். அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு குழந்தைகளுக்காவது அது இருக்கும். மாதக்கணக்கில் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மாத்திரையைக் கரண்டியின் அடிப்பக்கத்தால் பொடித்து, தேனில் குழைத்து, மூக்கைப் பிடித்து ஊட்டியிருக்கிறாள். "மொத வாரம் நக்கி நக்கித் தின்ன. அப்புறம் தேன் பாட்டிலப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில போயிருவ." எனக்கு இதில் ஒரு காட்சிகூட நினைவில் இல்லை. மாத்திரை இல்லை, கரண்டி இல்லை, கட்டிலடி இல்லை. மிச்சமிருப்பது அந்தக் குமட்டல் மட்டும். அப்பாவுக்கும் பிரெட் ஆகாது. காய்ச்சல் என்றால் பாலும் பிரெட்டும் என்று வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆகாது என்று நினைக்கிறேன்.

அம்மா மூன்று கேள்வியில் பிடித்ததை அறிவியல் எலிகளை வைத்துப் பிடித்திருக்கிறது. 1955இல் ஜான் கார்சியா என்ற உளவியலாளர், சான் பிரான்சிஸ்கோவில் கடற்படையின் கதிரியக்க ஆய்வுக்கூடத்தில், எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, கூடவே காமா கதிரையும் பாய்ச்சினார். அதன்பின் அந்த எலிகள் இனிப்புத் தண்ணீரை ஒதுக்கத் தொடங்கின. தின்று பல மணி நேரம் கழித்து வயிறு கெட்டால்கூட, உடம்பு போய் அந்தச் சுவையைக் குற்றவாளியாகப் பிடித்துவிடும் என்பது பிறகு தெரியவந்தபோது, அன்றைய ஆய்வாளர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். அவர்கள் வீட்டில் யாரும் தேனில் மாத்திரை குழைத்ததில்லை போலிருக்கிறது.

என்னை நிறுத்தியது 1966இல் அவரும் ராபர்ட் கோயெலிங்கும் செய்த இன்னொரு சோதனை. எலி தண்ணீர் குடிக்கும்போது சுவையும் உண்டு, வெளிச்சமும் கிளிக் சத்தமும் உண்டு. பிறகு சில எலிகளுக்கு வயிற்றைப் புரட்டினார்கள், சிலவற்றின் காலில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். வயிறு புரண்டவை சுவையை வெறுத்தன, வெளிச்சத்தைக் கண்டுகொள்ளவில்லை. அதிர்ச்சி பட்டவை வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் பயந்தன, சுவையை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்த வேதனைக்கு ஒரு கணக்கு, வெளியே பட்ட வேதனைக்கு வேறு கணக்கு. இதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கொடியிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து வந்தேன். மிக்சர் சோபாவுக்கு அடியில் பாய்ந்தான். துண்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வெறும் கையை நீட்டினேன். ஐந்து நிமிடத்தில் வந்து விரலை நக்கினான். அதே கையில் ஒரு வில்லை பூவன்பழத்தை வைத்து நீட்டினேன். டொப்.

அத்தனை வாரமாக என்னை அரித்தது என்னவென்று அப்போதுதான் எனக்கே தெளிவானது. பழத்தை அவன் மறுத்தபோதெல்லாம் என்னை மறுத்ததாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். வலியில் கிடந்தவனைப் பிடித்து வைத்து வாய்க்குள் திணித்த கை இது, மன்னிக்க மாட்டான் என்று நினைத்தேன். அவன் கணக்கில் துண்டின் பெயர் இருக்கிறது, பழத்தின் பெயர் இருக்கிறது. என் பெயரை எழுதவே இல்லை. அம்மாவிடமும் நான் கோபமாக இருந்ததில்லை, தேன் மேல்தான்.

இதில் நடைமுறைக்கு உதவுகிற ஒரு சங்கதியும் உண்டு, முயல் வைத்திருக்கிறவர்கள் கவனிக்கலாம். 1978இல் ஐலீன் பெர்ன்ஸ்டீன் என்ற ஆய்வாளர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்போகும் குழந்தைகளுக்குப் புதுச் சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். மருந்து வயிற்றைப் புரட்டியதும் பழி ஐஸ்கிரீம் மேல் விழுந்தது. ஐஸ்கிரீம் என்று தெரிந்தும் குழந்தைகள் வேண்டாம் என்றார்கள். பிறகு அதையே திருப்பிப் போட்டார்கள். சாப்பாட்டுக்கும் சிகிச்சைக்கும் நடுவே புதிதாக ஒரு மிட்டாயைக் கொடுத்தால், வெறுப்பை மிட்டாய் வாங்கிக்கொள்ளும், வழக்கமான சாப்பாடு பெரும்பாலும் தப்பிக்கும். அதாவது, மருந்து குழைக்க ஆசைப் பண்டத்தை எடுக்கக் கூடாது, இழந்தாலும் பரவாயில்லை என்கிற ஒன்றை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்குப் பப்பாளியைக் குறித்து வைத்திருக்கிறோம். மிக்சருக்கு இன்னும் தெரியாது.

அடுத்த மாதப் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் என் சத்துக் கணக்கையும் கலைத்துவிட்டார். வளர்ந்த முயலுக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்தான் இருக்க வேண்டும், பெல்லட் ஊறுகாய் மாதிரி. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் சீக்கம் என்று பெரிய பை ஒன்று உண்டு. புல்லிலிருந்து அங்கே போய்ச் சேர்வதைக் கிருமிகள் புளிக்க வைக்கும், திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்ற புழுக்கையாக அது வெளியே வரும், முயல் அதை நேராக வாயில் வாங்கித் தின்றுவிடும். புரதமும் பி வைட்டமின்களும் அதில் இருக்கின்றன. காய்ந்த புல்லில் சத்தில்லை என்று நான் புலம்பியபோதெல்லாம் அவன் சத்தைத் தானே தயாரித்துக்கொண்டிருந்தான். வெயிலோடு சேர்ந்து, நார் இல்லாத பழைய சாப்பாடும்தான் குடலை நிறுத்தியிருக்கும் என்றார். அவர் குரலில் திட்டு இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழையபடி சாப்பிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது எந்தச் சாப்பாட்டை என்று யோசித்தபடியே பஸ்ஸில் வந்தேன். இவ்வளவு தெரிந்த பிறகும், சமையலறையில் தோலை உரிக்கும்போது கூடத்தின் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்க்கத்தான் செய்கிறேன்.

பிள்ளையாரின் பங்கு

வெளிநாட்டு டிமோத்தி புல்லை ஆன்லைனில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நம் ஊரில் அருகம்புல் இருக்கிறது. மலைக்கோட்டை அடிவாரத்தில், மாணிக்க விநாயகர் சந்நிதிக்குப் போகிற வழியில் பூ விற்கும் அம்மாவிடம் தினம் இரண்டு கட்டு வாங்குகிறேன். சாதாரண நாளில் கட்டு பத்து ரூபாய், சங்கடஹர சதுர்த்தியன்று இருபது. வீட்டுக்கு வந்து மூன்று தண்ணீரில் அலசி, உதறிப் போட வேண்டும். ஒரு இழையை நுனியில் பிடித்து, கறுக் கறுக்கென்று அது குட்டையாகிக்கொண்டே போவதைப் பார்த்தால் பென்சில் சீவுவது போலிருக்கும். தராசு இப்போது 1.84 காட்டுகிறது.

ஒரு மாதம் நான் ஒரு நாளும் தவறாமல் வருவதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "என்னம்மா பெரிய வேண்டுதலா?" என்று கேட்டார். சாமிக்கு இல்லை, வீட்டில் முயல் இருக்கிறது, அதற்கு என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் மல்லிகையை அளந்துகொண்டிருந்தார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். "பெருச்சாளிக்கே இடம் குடுத்தவரு, முயலுக்கு மாட்டேன்னா சொல்லிருவாரு" என்றார். மறுநாள் எனக்கென்று ஒரு பை தனியாக வைத்திருந்தார். உள்ளே முந்தைய நாள் விற்காமல் மஞ்சளடித்த கட்டுகள். "இது சாமிக்கு ஆகாது, உன் முயலுக்குக் கொண்டு போ. காசு வேணாம்."

மிக்சர் பைக்குள் தலையை விட்டுக் கிளறி, பச்சையாக இருந்த நாலு இழையை மட்டும் உருவிக்கொண்டு தையல் மெஷினுக்கு அடியில் போய்விட்டான். நாளைக்கு அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.